ஒத்த விரல் மேடம்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் பஸ்களில் ஏறி இறங்கும் ஜனங்களில் பாதிப் பேருடைய தொடையிடுக்கைப் பற்றித் தெளிவான அபிப்பிராயம் வைத்திருந்த ஒரே பெண்மணி எங்கள் ஒத்த விரல் மேடம்தான். முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் ஒன்றும் விரசமாக எழுத வரவில்லை. அந்த அம்மாள் பிசியோதெரபிஸ்ட். ஓடுகிறவர்களுக்கும் பந்து உதைக்கிறவர்களுக்கும், அடிவயிறு முடிந்து தொடை தொடங்குகிற அந்த மூலையில் ஒரு வலி வரும். அந்த இடத்தை வாரப் பத்திரிகையில் சொல்ல எனக்கு இத்தனை சுற்று தேவைப்படுகிறது. மேடம் அதை நடு பஸ்ஸில் நின்றுகொண்டு, கண்டக்டர் விசிலைவிடச் சத்தமாக, "கவுட்டி" என்று சொல்லிவிடுவார்.

நான் சிதம்பரத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரியில் சேர்ந்து, பெண்கள் கால்பந்து அணியில் லெஃப்ட் பேக்காக ஆடிக்கொண்டிருந்தேன். மைதானத்துக்குப் பின்னால், வலை, கொடிக்கம்பு, காற்றுப்போன பந்து எல்லாம் போட்டு வைத்திருந்த அறையில் பாதியைத் தடுத்து மேடத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி. கட்டில் எங்களுக்கு. நாற்காலி அவருடைய ஹேண்ட்பேக்குக்கு. அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. பேசும்போது நடப்பார், நாம் பேசினால் இன்னும் வேகமாக நடப்பார். டிபன் டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்துதான் சாப்பிடுவார். ஒரு வாய் ஜன்னல் பக்கம், அடுத்த வாய் கதவுப் பக்கம். தயிர்சாதம் சிந்தாமல் அவர் திரும்புகிற லாவகம் எங்கள் ஃபார்வர்டு லைனில் ஒருத்திக்கும் வாய்க்கவில்லை.

வீடு கடலூரில், மஞ்சக்குப்பத்தில். தினமும் பஸ்ஸில்தான் வந்து போவார். சீட் காலியாக இருந்தாலும் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டு, ஏறுகிறவர்களின் காலைப் பார்ப்பார்.

"அந்த நீலச் சட்டைக்காரர பாரு. எடது கால வெளியப் போட்டு சுத்தி ஏறுறாரு. இடுப்பு மூட்டுல கோளாறு" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் நீலச் சட்டைக்காரரின் சம்சாரமாக இருப்பார். அப்புறம் ஆலப்பாக்கம் வரைக்கும் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள மாட்டார்கள்.

ஒருநாள் கண்டக்டரே மாட்டினார். புதுச்சத்திரம் தாண்டும்போது மனுஷன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். மேடம் விடுவாரா? அவரை ஓரமாகக் கம்பியில் சாய்த்து நிறுத்தி, முழங்கால்களுக்கு நடுவே தன்னுடைய ஹேண்ட்பேக்கைச் செருகி, "நசுக்குங்க!" என்றார்.

"என்னா மேடம், ஸ்டாப்பிங் வருது..."

"நசுக்குங்கய்யா! ரெண்டு முட்டியும் ஒண்ணோட ஒண்ணு சேரணும்!"

அவர் நசுக்கினார். பையில் இருந்த மூக்குக்கண்ணாடி நொறுங்கியது. "தொடையில ஒண்ணும் வலிக்கல மேடம். ஆனா உயிர் போவுது" என்றார் கண்டக்டர். மேடம் முகம் சுருங்கிப் போயிற்று. சிதம்பரத்தில் பஸ் நின்றதும் அவரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சிறுநீரகக் கல் என்றார்கள். "என் கணக்குல அது வராது. வராதுன்னு தெரிஞ்ச உடனே டாக்டர்கிட்ட தள்ளிட்டேன் இல்ல? அதுவும் வைத்தியந்தான்" என்று மறுநாள் எங்களிடம் சமாதானம் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கண்டக்டர், மேடம் முன்வாசலில் ஏறினால், தான் பின்வாசல் பக்கமே நின்றுகொள்வார்.

இவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. கதவில் பலகையே தொங்கியது. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. வலி என்று போய் நின்றால் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "பேரு வேணாம். எடத்தக் காட்டு. ஒத்த விரலால காட்டு." உள்ளங்கையை வைத்து மூடிக் காட்டினால் கோபம் வந்துவிடும். "கைய விரிச்சி வெச்சா அது ஜில்லா. எனக்கு ஜில்லா வேணாம். தெரு வேணும், வீடு வேணும்" என்று அறையை இரண்டு சுற்று சுற்றுவார். அதனால் ஆண்கள் அணி, பெண்கள் அணி, கிரவுண்டில் புல் வெட்டுகிறவர், எல்லாருக்கும் அவர் ஒத்த விரல் மேடம்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஆண் பிள்ளைகளுக்கே கஷ்டம். எங்களைக் கேளுங்கள். எங்கள் அணியில் விலா எலும்புக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, என்ன வலித்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: வயித்து வலி. கோச் சார் ஆம்பளை. அவரிடம் போய்த் தொடையிடுக்கு என்று எந்தப் பெண் சொல்வாள்? "சார், வயித்து வலி" என்போம். அவர் உடனே தலையைக் குனிந்துகொண்டு, "போம்மா, போய் ரெஸ்ட் எடு" என்பார். அவர் ஒன்று நினைத்துக்கொள்வார், நாங்கள் ஒன்று நினைத்துக்கொள்வோம், விவகாரம் மரியாதையாக முடிந்துவிடும். ஹாஸ்டல் வார்டன் அம்மா ஓம வாட்டர் கொடுப்பார். எங்கள் கோல்கீப்பர் சகாயமேரிக்கு ஒருமுறை தொடைச் சதை கிழிந்து கன்றிப் போயிருந்தது. அவளும் வயித்து வலி என்று சொல்லித்தொலைத்தாள். வார்டன் அம்மா ஒரு பாட்டில் ஓம வாட்டர் முழுவதையும் பக்கத்தில் நின்று குடிக்க வைத்தார். சதை அதன் பாட்டுக்கு ஆறியது. வார்டன் அம்மா இன்றுவரை அது ஓமத்தின் மகிமை என்றுதான் நம்பிக்கொண்டிருப்பார்.

என் வலியும் வயித்து வலியாகத்தான் ஆரம்பித்தது. இடது காலால் நீளமாகப் பந்தை உதைத்தால் தொடையின் உள்பக்கம், மேலே, சுள்ளென்று இழுக்கும். முதலில் ஆடி முடித்த பிறகு வலித்தது. பிறகு ஆடும்போதே வலித்தது. கடைசியில் ஹாஸ்டல் கட்டிலில் புரண்டு படுத்தாலே அம்மா என்று கத்தும்படி ஆயிற்று.

லீவுக்குப் பண்ருட்டிக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். வயித்து வலி என்றுதான் சொன்னேன், வேறெப்படிச் சொல்வது! அம்மா நேராக லேடி டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் நிதானமாகக் கேட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "எல்லாம் நல்லாருக்கும்மா, எலும்பு டாக்டரப் பாருங்க" என்று சரியாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "நல்லாருந்தா ஏன்டி வலிக்குது? பந்த ஓதச்சி ஓதச்சி உள்ள எதையோ கலக்கிக்கினு வந்துட்டே" என்று அழுதாள்.

அப்புறம் ஆரம்பித்தது பெயர் சூட்டு விழா. கடலூரில் ஒரு எலும்பு டாக்டர், "ஆஸ்டியைட்டிஸ் பியூபிஸ்" என்றார். கேட்கவே கம்பீரமாக இருந்தது. இன்னொருவரிடம் காட்டினோம், "ஸ்போர்ட்ஸ் ஹெர்னியாவா இருக்கலாம், சரியாகலன்னா ஒரு சின்ன ஆபரேஷன் யோசிக்கலாம்" என்றார். கோச் சார் போனில் "குரோயின் புல்" என்றார். பெரியம்மா வாயு என்றாள். எதிர்வீட்டு அக்கா நெறி கட்டியிருக்கிறது என்று விளக்கெண்ணெய் கொண்டுவந்தாள். ஒரே ஒரு இடம், அதற்குத்தான் இத்தனை பெயர். சாமிக்குக்கூட அர்ச்சனையில் அவ்வளவு வேகமாகப் பெயர் மாறாது.

இதில் அப்பா காதில் விழுந்தது இரண்டே வார்த்தை. ஹெர்னியா, ஆபரேஷன். எங்கள் பக்கத்தில் ஹெர்னியா என்றால் குடலிறக்கம். அது கிழவர்களுக்கு வருவது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு, அதுவும் அந்த இடத்தில், கத்தி வைப்பதா? அப்பா பலாத் தோப்பு குத்தகைக்கு எடுப்பவர். அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு ஒன்றுமே பேசவில்லை. நான் சிதம்பரம் திரும்பிய பிறகு போன் செய்தார்.

"பாப்பா, ஞாயித்துக்கெழம வர்றேன். பெட்டிய கட்டி வெய்யி."

"எதுக்குப்பா?"

"ஆட முடியாத புள்ளைக்கு ஆஸ்டல் எதுக்கு? வூட்ல இருந்துக்கினு இங்கியே ஏதாவது படி. பந்தும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

கோச் சாரிடம் ஓடினேன். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் கையிலும் ஒன்றும் இல்லை. "செலக்‌ஷன் மேட்ச்சுக்குள்ள நீ ஓடணும்மா. இல்லன்னா கோட்டா சீட்டு வேற பொண்ணுக்குப் போயிரும். அதுக்கு முன்னாடி உங்கப்பா கூட்டிக்கினு போயிட்டா பேச்சே இல்ல" என்று கையை விரித்தார். எனக்குக் கால்பந்தைத் தவிர வேறொன்றும் உருப்படியாக வராது. அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் யார்? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சகாயமேரி கதவைத் தட்டி, "அழுதது போதும், வா, ஒத்த விரலுகிட்ட போவோம்" என்றாள். சத்தம் போட்டு மானத்தை வாங்கிவிடுவார் என்று பயந்து அத்தனை நாள் நான் அந்த அறைப் பக்கமே போகாமல் இருந்தேன். இனிமேல் வாங்குவதற்கு மானம்தான் ஏது!

மேடம் என்னைப் பார்த்ததும் நடந்துகொண்டே கேட்டார். "என்னா உனக்கு?"

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "ஆஸ்டியைட்டிஸ் பியூபிஸ் மேடம். ஸ்போர்ட்ஸ் ஹெர்னியாவும் இருக்கு."

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாங்களா, தனித்தனியா வந்தாங்களா?"

"மேடம்?"

"பேர எல்லாம் வெளியில செருப்போட கழட்டி வெச்சிட்டு வா. எங்க வலிக்குது? ஒத்த விரலால காட்டு."

நான் உள்ளங்கையை அடிவயிற்றில் வைத்தேன். ஜில்லா கதையைக் கேட்டுக்கொண்டேன். விரலை நீட்டினேன், மடக்கினேன், நீட்டினேன். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு காட்டினேன். என் வாழ்நாளில் அந்த இடத்தை இன்னொருவருக்குச் சுட்டிக் காட்டியது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு மேடம் படுத்திய பாடு இருக்கிறதே! கட்டிலில் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே தன் முஷ்டியை வைத்து, "நசுக்கு!" என்றார். நசுக்கினேன். வலியில் கூரையே கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்தது. "அதே வலியா? வேற வலியா?" அதே வலி. முழங்காலைத் தூக்கச் சொல்லி மேலிருந்து அமுக்கினார். வலி இல்லை. எழுந்திரு என்று சொல்லிவிட்டு நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார். வலி இல்லை. இருமச் சொன்னார். பொய்யாக இருமினேன். "வார்டனுக்குப் போன் பண்றப்ப இருமுவ இல்ல, அந்த மாதிரி இருமு" என்றார். அப்போதும் வலி இல்லை. நடு எலும்பில் விரல் வைத்தார், ஒன்றுமில்லை. காலை மடக்கித் திருப்பினார், இடுப்பு மூட்டிலும் ஒன்றுமில்லை. தொடையின் உள்சதை போய் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் விரலை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற சகாயமேரி ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "வூடு கெடைச்சிடுச்சு!" என்று அறையைச் சுற்றினார். "பாரு, இந்த மூலையில அஞ்சு எடம் இருக்கு. உள்தொடை சதை, இடுப்ப மடக்குற சதை, குடலிறக்கம் வர்ற பாதை, நடு எலும்பு, இடுப்பு மூட்டு. கடலூருக்குப் போறேன்னா போதுமா? முதுநகர்ல எறங்குறியா, மஞ்சக்குப்பத்துல எறங்குறியான்னு கேக்க மாட்டாங்க? ஒரு காலத்துல ஆளுக்கொரு பேரு வெச்சாங்க. ஒரே வலிக்கு பத்து பேரு, ஒரே பேருக்கு பத்து வலி. அப்புறம் உலகத்துல இத பாக்குற பெரிய பெரிய டாக்டருங்கல்லாம் கூடி உக்காந்து, போதும்டா சாமி, எந்த எடத்துல வலிக்குதோ அந்த எடத்து பேரையே சொல்லுவோம்னு முடிவு பண்ணாங்க. உனக்கு உள்தொடை சதைய ஒட்டுன கவுட்டி வலி. முடிஞ்சுது."

"அவ்வளவுதானா மேடம்?" எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆஸ்டியைட்டிஸ் எங்கே, இது எங்கே!

"அவ்ளோதான். சின்னப் பேரா இருக்குன்னு வருத்தமா? பெரிய பேரு வெச்சிக்கினு வூட்டுக்குப் போறியா, சின்னப் பேரு வெச்சிக்கினு பந்து ஆடுறியா?"

என் முன்னாலேயே, ஆபரேஷன் பேச்சை எடுத்த அந்த எலும்பு டாக்டருக்கே போன் போட்டார். நடந்துகொண்டே பேசியதால் பாதிப் பேச்சு மைதானத்தில் நடந்தது. திரும்பி வந்து, "அவரும் சரிங்கறாரு. மொதல்ல எக்சர்சைஸ் பண்ணட்டும், கத்தி கித்தி இப்பத்திக்கு இல்லன்னுட்டாரு. நல்ல மனுஷன்" என்றார். நான் மெதுவாகச் சொன்னேன். "மேடம், ஞாயித்துக்கெழம அப்பா வர்றாரு. என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு."

மேடம் முதல்முறையாக நின்றார். "இங்க கூட்டிக்கினு வா" என்றார்.

அப்பா வந்தார். ஒரு தோளில் காலிப் பை, என் துணிமணிக்கு. இன்னொரு தோளில் சாக்கில் கட்டிய பலாப்பழம், மேடத்துக்கு. பெண்ணைப் படிப்பை நிறுத்திக் கூட்டிப் போக வந்தாலும் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது அவர் நியாயம். மேடத்தைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார். மேடம் நடக்க நடக்க அவருடைய கண்ணும் தரையிலேயே கூடப் போனது.

"அண்ணே, கட்டில்ல உக்காருங்க."

"இருக்கட்டும்மா. இத கூட்டிக்கினு கெளம்பணும். பஸ்ஸுக்கு நேரமாவுது."

"உக்காருங்கன்னா உக்காருங்கண்ணே!"

உட்கார்ந்தார். மூலையில் கிடந்த கால்பந்து ஒன்றை எடுத்து மேடம் அவர் கையில் கொடுத்தார். "இத ரெண்டு முட்டிக்கும் நடுவுல வெச்சி நசுக்குங்க."

"நானா? எனக்கு ஒண்ணும் இல்லியேம்மா. புள்ளைக்குத்தான்..."

"நசுக்குங்கண்ணே. கேள்வி அப்புறம்."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. எங்கள் அப்பா வீட்டில் என் முன்னால் சட்டையில்லாமல் உட்கார மாட்டார். அவர் வேட்டியை ஒழுங்காக ஒதுக்கிக்கொண்டு, பந்தை முழங்காலுக்கு நடுவே வைத்து, சிதம்பரத்தில் ஒரு பொம்பளை டாக்டர் முன்னால் நசுக்கிக்கொண்டிருக்கிறார். நசுக்கின உடனே அவர் முகம் மாறியது. பல்லைக் கடித்தார்.

"இழுக்குதா?"

"லேசா..."

"எங்க? ஒத்த விரலால காட்டுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் அவர் குரல் கேட்டது. "இங்க."

"எவ்ளோ நாளா?"

"அது... மரம் ஏற ஆரம்பிச்ச காலத்துலருந்தே உண்டு மேடம். சீசன்ல ஜாஸ்தியா இருக்கும். நாங்க வாயுன்னு சொல்லுவோம். இஞ்சி தட்டிப் போட்டு குடிப்பேன்."

"பலா மரத்த எப்படி ஏறுவீங்க?"

"ரெண்டு தொடையாலயும் கவ்விப் புடிச்சிக்கினு..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் விரல் இன்னும் அதே இடத்தில் இருந்தது. பலாப் பால் பட்டுப் பட்டுக் கருத்துப்போன அந்த விரல், நான் மேடத்துக்குக் காட்டிய அதே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"கவ்வுற சதை அண்ணே அது. நீங்க மரத்த கவ்வுறீங்க, உங்க பொண்ணு பந்த ஒதைக்கிறப்ப அதே சதைதான் இழுக்குது. அவளுக்கு வலிக்கிறதும் இந்த எடந்தான். உங்களுக்கு இருக்கறதுதான் அவளுக்கும் இருக்கு. இதுல பொம்பள சமாச்சாரம் ஒண்ணும் இல்ல."

அப்பா பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார். "அப்ப கர்ப்பப்பையில ஒண்ணும் இல்லீங்களா?"

இத்தனை நாள் மனுஷன் எதற்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லண்ணே. லேடி டாக்டரே பாத்து சொல்லிட்டாங்க."

"ஆப்பரேசனு?"

"உங்களுக்குப் பண்ணாங்களா?"

"இல்லியே."

"அவளுக்கும் வேணாம். சதைக்கு தெம்பு ஏத்தணும், அவ்ளோதான். ஏத்தித் தர்றது என் பொறுப்பு."

அப்பா எழுந்தார். காலிப் பையை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "செரி மேடம். புள்ள இங்கியே இருக்கட்டும்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். தலையைச் சொறிந்தார். "அந்த எக்சசைஸு... எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுத்தீங்கன்னா..." பாருங்கள், பெட்டி கட்ட வந்த மனுஷர் எக்சர்சைஸ் கற்றுக்கொண்டு பண்ருட்டி பஸ் ஏறினார்.

ஆனால் செலக்‌ஷன் பாக்கி இருந்ததே. மேடம் ஏற்றிய தெம்பு சாதாரணத் தெம்பு இல்லை. பக்கவாட்டில் படுத்து, முழங்கையில் உடம்பைத் தூக்கி நிறுத்தி, மேல் காலை இன்னொருத்தி பிடித்துக்கொள்ள, கீழ்க் காலை அதோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காலைப் பிடிக்கிற உத்தியோகம் சகாயமேரிக்கு. அவள் ஒரு கையில் என் காலையும் மறு கையில் எக்கனாமிக்ஸ் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு மனப்பாடம் செய்வாள். கஷ்டமான பக்கம் வந்தால் காலை விட்டுவிடுவாள். நான் தரையில் விழுவேன். அந்த செமஸ்டரில் அவள் பாஸ் செய்தாள் என்றால் அதற்கு என் தொடைதான் காரணம்.

கோச் சாருக்கும் மேடத்துக்கும் தினமும் சண்டை. "இன்னிக்கி ஓடலாம், ஒதைக்கக் கூடாது" என்பார் மேடம். "ஒதைக்காம என்ன ஃபுட்பால் மேடம்? கோலமா போட முடியும்?" என்பார் கோச் சார். "கோலம் போட்டா குந்தணும், அதுவும் இப்ப கூடாது" என்று மேடம் போய்விடுவார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் காலைத் தரையில் ஊன்றும் முன்னே, வலிக்குமா வலிக்காதா என்று ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். ஒருநாள் குறையும், மறுநாள் கூடும். கூடின அன்று மேடத்திடம் போய் முறையிட்டால், "கொஞ்சம் வலிச்சா வலிச்சிட்டுப் போவுது. நாளைக்கி காலையில அடங்குதான்னு பாரு. அடங்கினா நாம ஜெயிக்கிறோம்" என்பார். மெல்ல மெல்ல அடங்கியது. முதலில் குட்டை பாஸ், பிறகு ஓடிக்கொண்டே பாஸ், பிறகு நின்ற இடத்திலிருந்து நீளமாக ஓர் உதை. அந்த நீள உதையை மட்டும் மேடம் செலக்‌ஷனுக்கு முந்தின வாரம் வரை பூட்டி வைத்திருந்தார்.

செலக்‌ஷன் மேட்ச் கடலூரில். வெயில் கொளுத்தியது. அப்பா முந்திரி வியாபாரியின் லாரியில் வந்து இறங்கி, வேலி ஓரம் ஆம்பளைகளோடு நின்றார். மேடத்துக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், அதில் ஹேண்ட்பேக் உட்கார்ந்து மேட்ச் பார்த்தது. அவர் கோட்டோரம் லைன்ஸ்மேனோடு சேர்ந்து ஓடினார். ஆஃப்சைடுக்கு லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினால் இவரும் கையைத் தூக்கினார். ரெஃப்ரி இரண்டு தடவை வந்து எச்சரித்துவிட்டுப் போனார்.

ரெண்டாவது பாதியில் எதிரணிப் பெண் பந்தை எனக்கு இடது பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் குறுக்கே பாய்ந்து எடுத்தேன். முன்னால் யாரும் இல்லை, எங்கள் ஃபார்வர்டு தூரத்தில் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். நீளமாகத்தான் உதைக்க வேண்டும். அந்த அரை நொடியில் எனக்கு வந்த பயம் எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை. உதைத்தேன். பந்து ஃபார்வர்டு தலைக்கு மேலே பறந்து, வேலியைத் தாண்டி, ரோட்டில் போன ஷேர் ஆட்டோவின் கூரையில் விழுந்தது. அசிங்கமான உதைதான். கோச் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் மட்டும் நடு மைதானத்தில் நின்று பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன். வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை!

அதற்கப்புறம் ஒழுங்காக உதைத்தேன். மேட்ச் முடிந்ததும் கோச் சார் என் பக்கம் வந்து, "நாளைக்கு பிராக்டிஸுக்கு லேட்டா வந்துராத, லெஃப்ட் பேக்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சீட்டு என்னுடையது. வேலி ஓரத்தில் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் வெயில் என்பார்.

மேடத்தைத் தேடினேன். காணவில்லை. கல்லூரி அறையின் சாவி அவரிடம் இருந்ததால் சிதம்பரம் போகக் கிளம்பிவிட்டார் என்றார்கள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சிதம்பரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அவர் படிக்கட்டில் ஒரு காலை வைத்திருந்தார். கூப்பிட்டேன். இறங்கி வந்தார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அத்தனை ஜனத்துக்கு நடுவே தடாலென்று அவர் காலில் விழுந்தேன்.

ஆசீர்வாதம் பண்ணுவார் என்று பார்த்தால், இரண்டு அடி பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எழுந்திரு. எழுந்திரிக்கறப்ப எடது பக்கம் லேசா சாயுற மாதிரி இருக்கே. இன்னொரு வாட்டி விழு."

விழுந்தேன்.

"ம். இப்ப பரவால்ல. சந்தேகமா இருக்கு, இன்னொரு வாட்டி."

விழுந்தேன். கண்டக்டர் விசில் அடிக்கிறார், டிரைவர் திட்டுகிறார், பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்க்கிறது. மேடம் என்னைச் சுற்றி வந்து நாலாப் பக்கமும் பார்த்துவிட்டு, "நல்லா மடங்குது. போ, போய் ஆடு" என்று ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பஸ் நகர்ந்தது. எனக்குத் தொடையிலும் வலி இல்லை, முட்டியிலும் வலி இல்லை. அந்த அம்மாள் மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி இன்னொரு வாட்டி என்று சொல்லியிருந்தால், அந்த பஸ் சிதம்பரம் போய்ச் சேரும் வரைக்கும் நான் விழுந்துகொண்டே இருந்திருப்பேன்.